பாலைநிலத்து அருவிக்கு எந்த நாளில் போவது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் ஃபால்ஸ் அருவியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, சில வாரங்கள் மட்டும் சாக்லேட் நிறத்தில் கொட்டும் அருவி என்று அதில் சொல்லியிருந்தோம். பிள்ளைகளை அமெரிக்காவில் வைத்திருக்கும் சென்னைக் குடும்பங்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் மகளும் மருமகனும் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கிறார்கள். நானும் என் கணவரும் மார்ச் மாத இறுதியில் போய்ச் செப்டம்பர் வரை அவர்களோடு தங்கப்போகிறோம். “ஏதாவது ஒரு சனிக்கிழமை அந்த அருவிக்குப் போய்வரலாம்” என்கிறார் மருமகன். எந்த மாதத்தில் போனால் தண்ணீர் இருக்கும்?
– வாசகி, நங்கநல்லூர்

தண்ணீரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அனுமதியைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. கிராண்ட் ஃபால்ஸ் அமைந்திருக்கும் இடம் நவஹோ பழங்குடி மக்களின் சொந்த நிலம். அரசின் பொதுப் பூங்கா என்று எண்ணிக்கொண்டு போவது தவறு. கூட்டம் பெருகி, குப்பையும் கண்ட இடத்தில் வண்டி ஓட்டுவதும் தாங்க முடியாத அளவுக்குப் போனதால், 2023 மார்ச் மாதத்தில் அந்தப் பகுதியின் உள்ளூர் மன்றம் வெளியாருக்கு அருவியை மூடிவிட்டது. ஆகவே நவஹோ பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்து, திறந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே உங்கள் மருமகன் வண்டியை எடுக்க வேண்டும். இணையத்தில் பழைய பயணக் குறிப்புகள் ஏராளமாகக் கிடக்கின்றன. அவற்றில் பல, மூடப்படுவதற்கு முன்பு எழுதப்பட்டவை. மூடிய நிலத்துக்குள் நுழைவது அத்துமீறல். விசாவில் விருந்தினராகப் போயிருக்கும் உங்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

இனி மாதம். இந்த அருவியில் விழுவது லிட்டில் கொலராடோ ஆறு. அது கிழக்கு அரிசோனாவின் வெள்ளை மலைகளில், 3,400 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பால்டி சிகரத்தின் சரிவுகளில் தொடங்குகிறது. அங்கே குளிர்காலத்தில் படியும் பனி உருகி இறங்கும்போது, பொதுவாக மார்ச், ஏப்ரல் மாதங்களில், ஆறு ஓடுகிறது. பிறகு வற்றிவிடுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அரிசோனாவுக்கும் ஒரு பருவமழை உண்டு. பிற்பகலில் திரளும் இடிமழை மேல்நிலங்களில் கொட்டினால், ஆறு மறுபடியும் சில நாள்களுக்கு உயிர் பெறுகிறது. நீங்கள் தங்கப்போகும் காலம் இந்த இரண்டு பருவங்களையும் தொட்டுக்கொண்டிருப்பது நல்வாய்ப்பு. மே, ஜூன் மாதங்களில் போனால் வெறும் பாறைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள்.

ஆனால் இரண்டு பருவங்களும் ஒரே மாதிரியானவை என்று நினைக்க வேண்டாம். பனி உருகும் நீர் நிதானமாக வரும். நல்ல பனி விழுந்த ஆண்டில் வாரக்கணக்கில் நீடிக்கும். பனி பொய்த்த ஆண்டில் வந்த தடமே தெரியாது. மழை நீரோ திடீரென்று வந்து திடீரென்று போய்விடும். ஆகவே மார்ச் இறுதியில் இறங்கியதும், அந்த ஆண்டு வெள்ளை மலைகளில் பனி எப்படி என்று விசாரித்துவிட்டு, ஏப்ரல் முற்பகுதியிலேயே முயல்வதுதான் எங்கள் பரிந்துரை. சனிக்கிழமையை ஒரு மாதத்துக்கு முன்பே குறித்து வைப்பதில் பயனில்லை. வியாழக்கிழமை ஆற்றின் அளவைப் பார்த்து, வெள்ளிக்கிழமை இரவு முடிவு செய்யும் பயணம் இது.

அருவி மூடியே இருந்தாலும் ஆற்றைப் பார்க்க வழி இருக்கிறது. ஃபிளாக்ஸ்டாஃப் நகரிலிருந்து வடக்கே செல்லும் 89ஆம் எண் நெடுஞ்சாலை, கேமரன் என்னும் சிற்றூரில் இதே ஆற்றைக் கடக்கிறது. அங்கே 1911இல் கட்டிய பழைய தொங்கு பாலம் ஒன்று பக்கத்தில் நிற்கிறது. அங்கிருந்து மேற்கே கிராண்ட் கேன்யன் நோக்கிப் போகும் சாலையில், ஆறு ஆழமாகக் குடைந்த பள்ளத்தாக்கை விளிம்பிலிருந்து பார்க்கும் நவஹோ பூங்கா இருக்கிறது. கிராண்ட் கேன்யனுக்கு எப்படியும் அழைத்துப் போவார்கள். அதே நாளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நயாகராவை விட உயரம் என்று குறிப்பில் எழுதியிருந்தீர்கள். பாலைவனத்தில் அவ்வளவு பெரிய அருவி எப்படி உண்டானது?
– வாசகர், பெரம்பூர்

எரிமலையால் உண்டானது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, மெரியம் என்னும் எரிமலை வாயின் பகுதியிலிருந்து வழிந்த எரிகுழம்பு, பல கிலோமீட்டர் ஓடிவந்து ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் இறங்கி அதை அடைத்துவிட்டது. கல்லால் கட்டிய அணையைப் போல நின்ற அந்தக் குழம்பைத் துளைத்துப் போக ஆற்றால் முடியவில்லை, சுற்றிக்கொண்டு போனது. சுற்றிப் போன ஆறு தன் பழைய பள்ளத்தாக்குக்கே திரும்ப வேண்டியிருந்ததால், அதன் செங்குத்தான சுவர் வழியாகக் கீழே விழுந்தது. அந்த விழுதல்தான் இன்றைய அருவி. படிப்படியாக நீர் தத்தி இறங்கும் அந்தச் சுவர் சுண்ணாம்புக்கல் அடுக்குகளால் ஆனது. எதிர்ப்புறத்தில் கறுத்து நிற்பது எரிமலைப் பாறை. நிலவியல் படித்தவர்கள், தண்ணீர் இல்லாத நாளில் போனால்தான் இந்த அமைப்பு தெளிவாகத் தெரியும் என்று சொல்வார்கள். அதுவும் ஓர் ஆறுதல்.

உயரம் சுமார் 56 மீட்டர். நயாகராவின் உயரத்துக்கு இணையானது, அளக்கும் இடத்தைப் பொறுத்துச் சற்றே கூடுதலும் ஆகலாம். இந்த ஒப்பீடு உயரத்தோடு நின்றுவிட வேண்டும். அமெரிக்காவும் கனடாவும் 1950இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, சுற்றுலாப் பருவத்தின் பகல் நேரத்தில் நயாகராவில் விநாடிக்கு 1,00,000 கன அடிக்குக் குறையாமல் நீர் விழ வேண்டும். மற்ற நேரங்களில் அதில் பாதி விழுந்தால் போதும், மீதி மின் உற்பத்திக்குப் போகும். பயணிகள் பார்க்கிறார்கள் என்பதற்காக ஒப்பந்தம் போட்டு ஓடவிடப்படும் அருவி அது! கிராண்ட் ஃபால்ஸில் அப்படி யாரும் மதகைத் திறந்து உதவுவதில்லை. ஆனால் 1923 செப்டம்பரில் வந்த பெருவெள்ளத்தின்போது, அங்கே 1,20,000 கன அடி பாய்ந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். வருடத்தில் பல மாதங்கள் சுழியத்தில் கிடக்கும் ஆற்றின் வீச்சு அது.

ஆற்றின் அளவை இணையத்தில் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்கிறார்கள். என் மகன் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான். கோடும் எண்ணும்தான் தெரிந்தது. அதை எப்படிப் படிப்பது?
– வாசகர், வேளச்சேரி

இதற்கு நீங்கள் முன்பே பழகியிருக்கிறீர்கள். “ஒகேனக்கலில் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி, பரிசல் இயக்கத் தடை” என்று நாளிதழில் படிக்கிறோம் அல்லவா? அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் தரும் எண்ணும் அதே கன அடிதான். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். ஆற்றில் விநாடிக்கு 100 கன அடி ஓடுகிறது என்றால், நம் தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் தண்ணீர் லாரியை மூன்று விநாடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் நிரப்பிவிடலாம். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் இந்த அருவியின் அகலமான பாறைச் சுவரில் 100 கன அடி என்பது ஆங்காங்கே சில கீற்றுகளாகத்தான் வழியும். படங்களில் பார்க்கிற முழக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் வர வேண்டும்.

அந்த நிறுவனம் 1889இல் நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆற்றின் கரையில் தன் முதல் அளவு நிலையத்தை அமைத்தது. இன்று அதன் நிலையங்கள் பல ஆயிரம். பெரும்பாலான நிலையங்கள் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அளவெடுக்கின்றன. அதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கிராண்ட் ஃபால்ஸுக்குப் போகிறவர்கள் பார்ப்பது, அருவிக்கு மேலே வின்ஸ்லோ நகரின் அருகில் உள்ள நிலையத்தின் அளவை. அங்கே கடந்த நீர் அருவிக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும் என்பதால், அது ஒரு முன்னறிவிப்பாகவும் பயன்படுகிறது.

இங்கேதான் மூன்று எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, நிலையத்தில் இருக்கும் கருவி நீரின் உயரத்தை மட்டுமே அளக்கிறது. கன அடி என்பது அந்த உயரத்திலிருந்து கணக்கிட்டுப் பெறும் எண். ஊழியர்கள் அவ்வப்போது நேரில் போய், ஆற்றின் குறுக்கே ஆழத்தையும் வேகத்தையும் அளந்து, இந்த உயரத்துக்கு இவ்வளவு நீர் என்று ஓர் அட்டவணை தயாரிக்கிறார்கள். பாறைப் படுகையில் இந்த அட்டவணை நெடுநாள் செல்லும். லிட்டில் கொலராடோவின் படுகையோ மணல்; ஒரு வெள்ளம் படுகையை அரித்து ஆழமாக்கிவிடும், அடுத்தது மேடாக்கிவிடும். அப்போது பழைய அட்டவணை பொய் சொல்லும். அதனால்தான் புதிய எண்களின் அருகே “தற்காலிகமானது” என்று குறித்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை அலுவலக வழக்கம் என்று ஒதுக்க வேண்டாம்.

இரண்டாவது, மேலே கடந்த நீர் முழுவதும் கீழே வந்து சேராது. பல வாரங்கள் காய்ந்து கிடந்த மணலில் முதலில் வரும் நீரைப் படுகையே குடித்துவிடும். பாலாற்றில் புதுவெள்ளம் வரும்போது, அதன் முனை அடுத்த ஊரை எட்டுவதற்குள் இளைத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே சுழியத்திலிருந்து ஒரே நாளில் 200 ஆக உயர்ந்த எண்ணை விட, நான்கைந்து நாள்களாக ஓடிக்கொண்டிருக்கும் 200 நம்பத்தக்கது.

மூன்றாவது, நிலையத்துக்குக் கீழே வந்து சேரும் ஓடைகளை அந்த நிலையம் அறியாது. கேன்யன் டையாப்லோ என்னும் ஓடை வின்ஸ்லோவைத் தாண்டித்தான் ஆற்றில் கலக்கிறது. அதன் நீர்ப்பிடிப்பில் மட்டும் ஒரு மாலையில் மழை கொட்டினால், வின்ஸ்லோ கோடு அசையாமல் கிடக்க, அருவியில் வெள்ளம் விழும்.

கோட்டின் வடிவத்தையும் பாருங்கள். அகலமான மேடுபோல மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் அது பனி நீர். செங்குத்தாக ஏறிச் சரிந்து இறங்கினால் அது மழை வெள்ளம். அப்படிப்பட்ட கோடு இறங்கத் தொடங்கியபின் மறுநாளே போவது நல்லது, அதற்கடுத்த நாள் தாமதமாகிவிடலாம்.

“சராசரி நீரோட்டம்” என்று ஓர் எண்ணும் அங்கே இருக்கும். ஜீவநதிக்கு அந்த எண்ணால் பயன் உண்டு. இப்படிப்பட்ட ஆற்றில் அதைப் புறக்கணித்துவிடுங்கள். பல மாதச் சுழியத்தையும் சில நாள் வெள்ளத்தையும் கலந்து வகுத்தால் கிடைக்கும் அந்த அளவில் ஆறு ஓடிய நாள்கள் மிகச் சிலவே. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டதைக் கண்ட சென்னைவாசிகளுக்கு, அடையாற்றின் ஆண்டுச் சராசரியை வைத்து அந்த இரவை ஊகித்திருக்க முடியாது என்பது தெரியும்.

தண்ணீர் ஏன் சாக்லேட் நிறம்? அசுத்தமா?
– வாசகி, கோடம்பாக்கம்

அது மண். ஆறு கடந்து வரும் வண்ணப் பாலைவனத்தின் களிமண் பாறைகள் எளிதில் கரைபவை. அவற்றைப் பிடித்து வைக்கப் புல் பூண்டும் அதிகமில்லை. இதே ஆறு, கொலராடோ ஆற்றில் கலப்பதற்குச் சுமார் 20 கிலோமீட்டர் முன்னால், நீல ஊற்று என்னும் இடத்தில் நிலத்தடியிலிருந்து விநாடிக்குச் சுமார் 200 கன அடி நீரைப் பெற்று, வெள்ளமில்லாத நாள்களில் இளநீலமாக ஓடுகிறது. கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்துதான் அந்த நிறத்துக்குக் காரணம். மேலே வறண்ட ஆறு, கீழே வற்றாத ஆறு. கிளென் கேன்யன் அணை 1963இல் மூடப்பட்ட பிறகு கொலராடோவின் வண்டல் எல்லாம் நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுவதால், கிராண்ட் கேன்யனின் மணல் கரைகளுக்கு மண் கொடுக்கும் சில துணையாறுகளில் இந்தக் கலங்கல் ஆறும் ஒன்று. குடிக்க வேண்டாம், குளிக்கவும் இறங்க வேண்டாம்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு பாலாற்றில் தண்ணீர் பார்த்ததாக அப்பா சொல்வார். அமெரிக்காவிலும் ஆறுகள் குறைந்துவிட்டனவா, அல்லது இது எப்போதும் உள்ள ஏற்ற இறக்கம்தானா?
– வாசகர், தாம்பரம்

இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நடக்கின்றன. பிரித்துச் சொல்வதுதான் கடினம்.

ஆண்டுக்கு ஆண்டு மாறுவது ஆற்றின் இயல்பு என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொலராடோ ஆறே சாட்சி. 1922இல் ஏழு மாநிலங்கள் அதன் நீரைப் பங்கிட்டுக்கொண்டபோது, மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் சேர்த்து, நம் கணக்கில் ஏறத்தாழ 653 டி.எம்.சி. எழுதினார்கள். அவர்கள் கையிலிருந்த அளவுகள் வழக்கத்துக்கு மாறாக ஈரமாக இருந்த சில ஆண்டுகளைச் சேர்ந்தவை. அதற்குப்பின் ஆறு அந்த அளவுக்குப் பெரும்பாலும் எட்டவில்லை. காகிதத்தில் மட்டும் நீர் நிறைந்திருந்தது. 2000க்குப் பிறகோ, சென்ற நூற்றாண்டின் சராசரியை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே ஓடியிருக்கிறது. மழை குறைந்ததோடு வெப்பமும் கூடியதால், பனியும் மண்ணும் செடிகளும் ஆற்றுக்கு வர வேண்டிய நீரில் ஒரு பகுதியை ஆவியாக இழக்கின்றன என்பதை ஆய்வாளர்கள் முக்கிய காரணமாகக் காட்டுகிறார்கள்.

காவிரியில் நடுவர் மன்றம் 2007இல் வேறொரு வழியைப் பின்பற்றியது. மொத்த நீர் 740 டி.எம்.சி. என்று அது எடுத்துக்கொண்டது, 50 விழுக்காடு நம்பகத்தன்மை என்ற அடிப்படையில். அதாவது இரண்டில் ஓர் ஆண்டில் அவ்வளவோ அதற்கு மேலோ வரும், மற்ற ஆண்டில் வராது என்று ஒப்புக்கொண்ட எண் அது. உச்ச நீதிமன்றம் 2018இல் பில்லிகுண்டுலுவில் நமக்குத் தர வேண்டியதை 177.25 டி.எம்.சி. ஆகக் குறைத்ததும் அந்தக் கணக்கின் மேல்தான். வராத ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதுதான் இன்றளவும் சண்டை. இருந்தாலும், வராத ஆண்டுகள் உண்டு என்று முதலிலேயே எழுதி வைத்த கணக்கைத்தான் நாங்கள் நேர்மையானதாகக் கருதுகிறோம்.

உங்கள் அப்பா சொல்வதில் இன்னொரு பங்கும் இருக்கிறது. பாலாற்றின் மேல்பகுதியில் தடுப்பணைகளும், படுகை நெடுக மணல் அள்ளியதும், நிலத்தடி நீரை உறிஞ்சியதும் சேர்ந்து, அதே மழைக்கு முன்பு வந்த நீரைக் கூட வராமல் செய்துவிட்டன. ஆனாலும் 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டது. லிட்டில் கொலராடோவிலும் மேலே நீர்த்தேக்கங்களும் பாசன வாய்க்கால்களும் பனி நீரில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே ஓர் அருவி காய்ந்திருப்பதைப் பார்த்து வானிலை மாறிவிட்டது என்றோ, ஒரு வெள்ளத்தைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்றோ முடிவு கட்ட இயலாது. முப்பது, நாற்பது ஆண்டு அளவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த வரிசை பொதுமக்கள் கையில் கிடைக்கிறதா என்பதில்தான் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு. சென்னைக் குடிநீர் வாரியம் நம் ஏரிகளின் இருப்பை நாள்தோறும் வெளியிடுவது பாராட்டத்தக்கது. ஆறுகளுக்கும் அப்படி வேண்டும்.

வானம் தெளிவாக இருக்கும் நாளில் போனால் ஆபத்தில்லைதானே?
– வாசகர், அம்பத்தூர்

அப்படிச் சொல்ல முடியாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று, இதே நவஹோ நிலத்தின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள்; மழை பெய்தது பல கிலோமீட்டர் மேலே. நம் பழைய குற்றாலத்திலும் 2024 மே மாதத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைக் கொண்டுபோனது. பார்க்க வேண்டியது நீர்ப்பிடிப்பின் வானத்தை. தலைக்கு மேலே உள்ளதை மட்டும் பார்த்தால் போதாது. கிராண்ட் ஃபால்ஸில் குற்றாலத்தைப் போல எச்சரிக்கும் காவலரோ கம்பித் தடுப்போ இருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். விளிம்புப் பாறை உதிரக்கூடியது. அருவி வரை செல்வது மண் சாலை; மழை பெய்த மறுநாள் அது சேறாகிச் சாதாரணக் காரைப் பிடித்துக்கொள்ளும். குடிநீரையும் மதிய உணவையும் கையோடு கொண்டுபோக வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் மேல் விளிம்பிலிருந்து, ஓரத்தைவிட்டு நன்றாகத் தள்ளி நின்று பார்த்தால் போதும். கீழே இறங்கிப் பார்க்க ஆசைப்படும் பேரப்பிள்ளைகளை அப்படியே நிறுத்திவையுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?
– வாசகி, குரோம்பேட்டை

முடியும், ஆனால் நீண்ட நாளாகிவிடும். ஃபிளாக்ஸ்டாஃப் வரை மட்டுமே சுமார் 230 கிலோமீட்டர். அங்கே ஓர் இரவு தங்குவது நல்லது. ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஃபீனிக்ஸில் பருத்திப் புடவையோடு கிளம்பும் ஏப்ரல் காலையிலும் ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அரிசோனா கோடைகாலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவஹோ நிலம் மாற்றுகிறது. மார்ச் முதல் நவம்பர் வரை எல்லையைத் தாண்டியதும் கைப்பேசி ஒரு மணி நேரம் முன்னால் தாவும். எந்த அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்குகிறீர்களோ, அந்த அலுவலகத்தின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.